பல வருஷம் வேதாகமம் (பைபிள்) வாசித்தும் புரிதல் வளரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் வாசிக்கும் விதம்தான் காரணம். முதல் புத்தகமான ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி, லேவியராகமத்தின் பலிமுறைகளில் திணறி நிறுத்திவிடுபவர்கள் அநேகர். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று போதும். முடிந்ததும் அதையே மறுபடி வாசியுங்கள். முதல் வாசிப்பில் சம்பவங்கள் தெரியும், இரண்டாவதில்தான் அவற்றின் தொடர்பு தெரியும்.

8-ம் அதிகாரத்தையே பாருங்கள். பெத்சாயிதாவில் குருடனுக்குப் பார்வை இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். அடுத்து சீஷனான பேதுரு, இயேசுவிடம் "நீர் கிறிஸ்து" என்கிறார். உடனே, தாம் பாடுகள் அனுபவிக்கப்போவதைப் பற்றி இயேசு பேசியதும் அவரையே கடிந்துகொள்கிறார். பேதுருவுக்கும் பாதிப் பார்வைதான்! இரண்டையும் மாற்கு அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அரைகுறையாகப் புரிவது விசுவாசக் குறைவல்ல, வழியில் ஒரு கட்டம். இதை அறியாமல் பலர் வீணாக மனம் சோர்ந்துபோகிறார்கள்.

இன்னொரு தவறு, ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொள்வது. அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனங்களையாவது வாசியுங்கள். புரியாததை ஒரு நோட்டில் எழுதி, சபையில் மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ கேளுங்கள்.

எபிரெயர் 5:14 பலமான ஆகாரத்தை, அதாவது ஆழமான போதனையை, பயிற்சியோடு இணைக்கிறது. எனவே வாசித்ததில் கீழ்ப்படிய வேண்டிய ஒன்றை அன்றைக்கே செய்யுங்கள். யாரையாவது மன்னிக்க வேண்டியிருந்தால், அடுத்த அதிகாரத்துக்கு முன் அதுதான்.