அரிசி ஆலையும் இருபது ரூபாய் முத்திரைத்தாளும்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் என் அப்பா அரிசி ஆலை நடத்துகிறார். எனக்கு வயது 26, எம்.காம். முடித்து ஆலையின் கணக்கைப் பார்க்கிறேன். எங்களிடம் 22 ஆண்டுகளாக நெல் அவிக்கும் வேலை பார்ப்பவரின் மகனும் நானும் ஆறு ஆண்டுகளாகக் காதலிக்கிறோம். அவருக்கு 28 வயது, வங்கியில் வேலை. இருவரும் இந்துக்கள், அவர் பட்டியல் சாதி, நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. “என்னிடம் கூலி வாங்குகிறவன் எனக்குச் சம்பந்தியா?” என்கிறார் அப்பா. சொத்தில் பங்கு வேண்டாம் என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் தடுக்க மாட்டாராம். சித்தப்பாவோ கடத்தல் வழக்குப் போடுவோம் என்கிறார். பதிவுத் திருமணம் என்றால் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்களாமே? அவருடைய அப்பாவின் வேலை என்னவாகும்?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையில் அல்லாமல், எது அவசரமோ அந்த வரிசையில் சொல்கிறேன். அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சொத்தா பெரிது, நிம்மதியாக விட்டால் போதும்’ என்று இப்போது தோன்றும். அப்படித் தோன்றிய நாளில் போட்ட கையெழுத்துக்காகப் பல ஆண்டுகள் கழித்து வழக்காட வந்தவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆலை உங்கள் அப்பாவின் சுயசம்பாத்தியமானால், அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. உங்களுக்கு இருப்பது, என்றாவது வாரிசாகலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. சொத்து மாற்றுச் சட்டத்தின் 6(அ) பிரிவின்படி அந்த எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்பதால், அந்தத் தாளுக்கு அந்த அளவில் மதிப்பில்லை. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்தவர், பிறகு பங்கு கேட்டு வரும்போது எழுதிக்கொடுத்ததற்கு மாறாகப் பிறகு பேச முடியாது என்னும் முரண்தடை விதியைக் காட்டி நீதிமன்றங்கள் மறுத்திருக்கின்றன. ‘கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்’ என்று பாசத்தோடு நீட்டப்படும் தொகை, தாளில் ‘பங்குக்கு ஈடாகப் பெற்றது’ என்று மாறியிருக்கும். படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

பூர்வீகச் சொத்தின் நிலை வேறு. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் செய்த திருத்தங்களால், மகனைப் போலவே மகளுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டு. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஐயமற உறுதிசெய்தது. வேறு சாதியில் மணந்ததால் அந்தப் பங்கு போய்விடாது. சாதியிலிருந்து விலக்கப்பட்டவர் சொத்துரிமையை இழப்பதில்லை என்று வெள்ளையர் காலத்தில், 1850இலேயே சட்டம் வந்துவிட்டது; நம் வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அசையாச் சொத்தில் உள்ள பங்கைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விடுதலைப் பத்திரத்தால்தான் விட்டுக்கொடுக்க முடியும். ஆகவே அடுத்த படியாக உங்களை அங்கே அழைத்துச் செல்லப் பார்ப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

முப்பது நாள் நோட்டீஸ் என்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ளது. இருவரும் இந்துக்களாக இருக்கையில் அந்த வழியில் போகவேண்டிய கட்டாயம் இல்லை. இந்து திருமணச் சட்டம் சாதி மாறிய மணத்தைத் தடுப்பதும் இல்லை. தமிழ்நாட்டுக்கென்று 1967இல் அதில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும், புரோகிதர் தேவையில்லை. ஊரறிய நடத்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்த மணம் செல்லாது என்று உங்கள் சித்தப்பா சொல்வாரானால், அவர் 2014ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறார். அதைத்தான் 2023 தீர்ப்பு மாற்றியது. திருமணமான 90 நாட்களுக்குள் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் 90 நாள் காத்திருக்காமல் அந்த வாரமே செய்வது நல்லது.

கடத்தல் மிரட்டலுக்கு வருவோம். லதா சிங் என்ற பெண் சாதி மாறி மணந்ததற்காக, அவருடைய சகோதரர்கள் கொடுத்த புகாரில் கணவரின் உறவினர்கள் கைதானார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்துசெய்து, வயதுவந்தவர் தாம் விரும்பியவரை மணக்கலாம், அவர்களைத் தொந்தரவு செய்பவர்மீதுதான் காவல்துறை நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது. நடைமுறையில், வழக்கின் போக்கு காவல் நிலையத்து மேசையின் முன்னால்தான் பெரும்பாலும் தீர்மானமாகும். இரு வீட்டாரையும் உட்காரவைத்து, “அம்மாவைப் பாரும்மா, இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வா” என்பார்கள். அம்மா அழுவார். அந்த இரண்டு நாளுக்குச் சம்மதிக்காதீர்கள். வயது, விருப்பம், யாரும் வற்புறுத்தவில்லை என்ற மூன்றையும் எழுதிக்கொடுங்கள். வயதுவந்த பெண்ணைப் பெற்றோரிடம் ‘ஒப்படைக்க’ ஆய்வாளருக்கு அதிகாரம் இல்லை. இத்தகைய தம்பதியரின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. திருமணத்துக்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

இந்த வழக்கில் எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் இருவரையும்விட அவருடைய அப்பாதான். கோபம் தணிந்த உங்கள் வீட்டில் ஒருநாள் உங்களுக்கு இடம் கிடைக்கலாம். 22 ஆண்டு கொதிகலன் முன் நின்றவருக்கு நாளைக்கே வேலை போகலாம். மகன் செய்த மணத்துக்காக அவரை நீக்குவதும் ஊரில் பிற ஆலைகளிலும் வேலை கொடுக்காமல் செய்வதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ள பொருளாதாரப் புறக்கணிப்பாகும் வாய்ப்புள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஆலையானால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் மீண்டும் பெருக்கவேண்டும். சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்தால் 22 ஆண்டுக்கு 1,98,000 ரூபாய். கூலி என்று சொல்லிக் கையில் ஒரு மாதச் சம்பளத்தைத் திணித்து அனுப்பினால், ‘முழுக்கணக்கும் தீர்ந்தது’ என்ற சீட்டில் அவர் கைநாட்டு வைக்கக்கூடாது.

அவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்பதைக் காட்டும் சம்பளப் பதிவேடு உங்கள் மேசையிலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அவருடைய வருங்கால வைப்பு நிதிச் சீட்டும் இ.எஸ்.ஐ. அட்டையும் இருந்தால் சான்றுக்குப் போதும். நகையும் அப்படியே. காதில் போட்டிருக்கும் தோட்டைத் தவிர மற்றவற்றைப் பீரோவில் வைத்து, வைத்த நிலையில் தேதியோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கடத்தல் புகார் நிற்காத வீடுகளில் அடுத்து வருவது நகைத் திருட்டுப் புகார்தான்.