சனி ஏறி ஞாயிறு இறங்க: மலைப் பயணக் கேள்வி பதில்

குடும்பத்தோடு வார இறுதியில் மலை ஊருக்குப் போகிறவர்களுக்கான பகுதி இது. 1,500 முதல் 2,200 மீட்டர் உயரம், காரில் போய்ச் சேரக்கூடிய ஊர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எந்த ஊர் அழகு, எந்த ஓட்டல் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். சாலை, வண்டி, உடம்பு, நேரக் கணக்கு, இவை பற்றி எதைக் கேட்டாலும் சரி.

கேள்வி: வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி ராத்திரியோடு ராத்திரியாக மலை ஏறிவிட்டால், சனிக்கிழமை முழுசாகக் கையில் இருக்குமே சார்?

இருக்காது. நாள் முழுக்க வேலை பார்த்த ஆள், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், முன்பின் தெரியாத வளைவுகளில் ஓட்டப்போகிறார். விடியற்காலை போய்ச் சேர்ந்தாலும் அறை மதியத்துக்குமேல்தான் கிடைக்கும். குழந்தைகள் வண்டியிலேயே சிணுங்க, சனிக்கிழமை பாதி தூக்கத்திலேயே போய்விடும்.

வெள்ளி இரவு அடிவாரத்து ஊரில் தங்குங்கள். சனி காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குங்கள். சாலை காலியாக இருக்கும், எஞ்சின் சூடேறாது, மேலே வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும். 10 மணிக்குமேல் போகிறவர்கள் ஊர் எல்லையில் வரிசை கட்டி நிற்பார்கள்.

வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள். கொண்டை ஊசி வளைவுள்ள மலைச்சாலையில் மணிக்கு 20, 25 கி.மீ. தான் சராசரி. 40 கி.மீ. என்றால் இரண்டு மணி நேரம், குழந்தைக்காக நிறுத்தினால் இரண்டரை.

மேலே போனபின் அரை நாளுக்கு ஓர் இடம், அவ்வளவுதான். காட்சிமுனையைக் காலையில் வையுங்கள். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே கிளம்பி வரும். மதியத்துக்குமேல் நீங்கள் பார்க்கப்போவது வெள்ளை மூட்டத்தை மட்டும்தான். ஏரி, பூங்கா, கடைத்தெரு எல்லாம் மதியத்துக்கு.

ஞாயிறு 12 மணிக்குள் இறங்க ஆரம்பியுங்கள். 3 மணிக்குமேல் ஊரே ஒன்றாக இறங்கும். இருட்டு, மூடுபனி, பிரேக் நாற்றம் மூன்றும் சேர்ந்து வரும் நேரம் அது.

கேள்வி: அறை பதிவு செய்யும்போது என்னென்ன கேட்க வேண்டும்? அம்மாவுக்கு மூட்டுவலி.

முதல் கேள்வி: "வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி?" மலை விடுதிகள் சரிவில் கட்டப்பட்டவை. சாலை மட்டத்தில் வரவேற்பறை இருக்கும், "தரைத்தளம்" என்று சொல்லும் அறை 40 படி கீழே இருக்கும். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு அத்தோடு விடாதீர்கள், படி எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து: வெந்நீர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, மின்சாரம் போனால் ஹீட்டரும் ஓடுமா அல்லது விளக்கு மட்டும்தானா, ஆளுக்கு எத்தனை கம்பளி. பள்ளத்தாக்கு தெரியும் அறையைப் பலரும் கூடுதல் பணம் கொடுத்து எடுப்பார்கள். வெயிலே படாத பக்கமாக அது இருந்தால் சுவரில் ஈரம் ஊறி, போர்வை நமுத்துக் கிடக்கும். "காலை வெயில் அறைக்குள் விழுமா?" என்றும் கேளுங்கள்.

அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கொடுப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, கண் எரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது போதாது.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாள். என்ன செய்வது அண்ணா?

"திரும்புகிறோம்" என்று உள்காது சொல்கிறது. கையில் உள்ள கைபேசியைப் பார்க்கும் கண், "அசையவே இல்லை" என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். 2 முதல் 12 வயதுவரை இது அதிகம். ஆகவே கைபேசி, புத்தகம் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். பின்சீட்டின் நடுவில், அவளுடைய இருக்கையும் பெல்ட்டும் அங்கே சரியாகப் பொருந்தினால், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். பக்கத்து ஜன்னல் வழியாக ஓடும் மரங்களைப் பார்த்தால் இன்னும் மோசமாகும்.

வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது கொடுங்கள். எண்ணெய்ப் பண்டமும் பாலும் வேண்டாம். காருக்குள் வாசனைக் கட்டி தொங்கினால் கழற்றி டிக்கியில் போடுங்கள். ஏசியை விட ஜன்னல் காற்று நல்லது.

பாதி மருந்து ஓட்டுநரின் காலில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகப் போய், வெளியே வந்தபின் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் அடித்து, நிமிர்ந்ததும் விருட்டென்று கிளப்பினால் எந்த மாத்திரையும் நிற்காது.

மாத்திரை கொடுப்பதென்றால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. குமட்டல் வந்தபின் கொடுத்தால் வாந்தியோடு அதுவும் வெளியே வரும். ஓட்டுகிறவர் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, தூக்கம் வரும்.

கேள்வி: 8 மாதக் குழந்தை. காது அடைக்குமா?

ஏறும்போது பெரும்பாலும் சிரமம் இல்லை. இறங்கும்போதுதான். வெளி அழுத்தம் கூடக்கூட நடுக்காதுக்குப் போகும் குழாய் தானாகத் திறக்காது, விழுங்கினால் திறக்கும். இறக்கத்தில் பசிக்கும்படி நேரத்தை வைத்துக்கொண்டு, வண்டியை ஓரம் நிறுத்திப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் வலி அதிகமாக இருக்கும், முன்பே மருத்துவரைப் பாருங்கள். தடித்த கோட்டை மாட்டி அதன்மேல் குழந்தை இருக்கையின் பெல்ட்டைப் போடாதீர்கள். அடி விழுந்தால் கோட்டு நசுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டைப் போட்டபின் மேலே போர்த்துங்கள்.

கேள்வி: ஸ்வெட்டர் எத்தனை எடுக்கணும்?

ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே 35 என்றால் 2,000 மீட்டரில் 22. இரவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, தெளிந்த வானம் என்றால் இன்னும் வெகுவாக இறங்கும். ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. பருத்தி நனைந்தால் காயாது. காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக. குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியப்படுத்த வேண்டாம், ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும்.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். உயரத்தால் 2,000 மீட்டரில் அளவி 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், குளிரால் 2 குறையும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். இறங்கும்போது டி-யிலேயே வைக்கலாமா?

கூடாது. எல் (L), 2, எஸ் (S), பி (B, வண்டியை நிறுத்தி வைக்கும் P அல்ல), அல்லது கையால் மாற்றும் எம் (M), உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அது. டி-யில் விட்டால் கியர் பெட்டி தானாக மேல் கியருக்குப் போய், எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்? என் மாமா 20 வருஷமாக நியூட்ரலில்தான் மலை இறங்குகிறார். பெட்ரோலும் மிச்சம், பிரேக்கும் நன்றாக இருக்கிறது.

இதற்கு வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பெட்ரோல். இன்றைய பெட்ரோல், டீசல் வண்டிகளில் எரிபொருள் செலுத்துவது கணினி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்று கண்டுகொண்டு எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கும். ஒன்றரை மணி நேர இறக்கத்தில் உங்கள் மாமா மிச்சம் பிடிக்கவில்லை, ஒரு லிட்டர்போலச் செலவழிக்கிறார்.

அடுத்து பிரேக். ஆளும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ வண்டி 1,500 மீட்டர் இறங்கினால், எங்கேயாவது போய்த் தீர வேண்டிய ஆற்றல் 22 மெகாஜூல். 65 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு இது. நியூட்ரலில் காற்றும் டயரும் தின்றது போக மீதி முழுவதும் நான்கு சக்கரத்து பிரேக்கில்தான் இறங்குகிறது. இரண்டாவது கியரில் வந்தால் எஞ்சின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (நான் சார், அதே நியூட்ரல்காரன்): அப்படியானால் மாமாவுக்கு ஏன் இதுவரை ஒன்றும் ஆகவில்லை?

மெதுவாகப் போயிருப்பார், சாலை காலியாக இருந்திருக்கும், வண்டியில் ஆள் குறைவாக இருந்திருக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக, முன்னே ஒரு பேருந்து ஊர்ந்து போக, 20 நிமிடம் பிரேக்கிலேயே கால் வைத்து வரட்டும்.

அப்போது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் தீய்ந்து போவது: பெடல் கல் மாதிரி இருக்கும், நாற்றம் வரும், வண்டி நிற்காது. இன்னொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது: பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கிவிடும். டாட் 4 (DOT 4) என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறியபின் தர அளவே 155 தான். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

நாற்றம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்க வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

கேள்வி: குறுக்கிடுகிறேன். கார்புரேட்டர் வண்டிக்கும் இந்தப் பெட்ரோல் கணக்கு சரியா?

நல்ல கேள்வி. பெரும்பாலும் சரியில்லை. கார்புரேட்டர் கியரில் இறங்கும்போதும் ஐடில் துளை வழியாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டுதான் இருக்கும். நியூட்ரலில் மிச்சம் என்ற பேச்சு அந்தக் காலத்து வண்டியிலிருந்து வந்தது. அப்போதும் பிரேக் கணக்கு மாறவில்லை.

கேள்வி: எஞ்சினையே அணைத்துவிட்டால் பெட்ரோல் சுத்தமாகச் செலவாகாதே?

பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி சரியாக நிற்காது. ஸ்டியரிங் இறுகும். சாவியை முழுதாகத் திருப்பினால் பூட்டியே விடும். இந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்க வேண்டாம்.

கேள்வி: மின்சாரக் கார் வைத்திருக்கிறோம். மலைக்குத் தாங்குமா?

தாங்கும். 1,800 கிலோ வண்டி 1,500 மீட்டர் ஏற, சமதள ஓட்டத்துக்குமேல் 7, 8 யூனிட் கூடுதலாக வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். பலரும் செய்யும் தவறு, மேலே 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்குவது. நிறைந்த பேட்டரி மின்சாரத்தை வாங்காது. மோட்டார் பிடிமானம் குறைந்து, உங்கள் வண்டியும் மாமா வண்டி மாதிரி ஆகிவிடும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கில் எந்த கியர்?

மேலே இருக்கிறது.

கேள்வி: மூடுபனியில் ஹை பீம் போட்டால் நன்றாகத் தெரியுமா?

பனியே திருப்பி அடித்துக் கண்ணை மறைக்கும். லோ பீம், பனி விளக்கு, சாலையோரக் கோடு. ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்கண்ணாடி மங்கினால் ஏசியைப் போட்டு, சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றைத் திறங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. கூட்டிப் போகலாமா?

அவருடைய இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது.

கேள்வி: அட்டை கடித்தால் உப்புப் போடலாமா?

வேண்டாம், காயத்துக்குள் கக்கும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தால் தோலோடு தோலாகத் தள்ளுங்கள், பிறகு தடித்த முனை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது விட்டிருக்கும். கொஞ்ச நேரம் கசிந்தால் பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

கேள்வி: ஹீட்டர் இல்லாத அறை. கரி அடுப்பைத் தூங்கும் முன் அணைத்துவிட்டால்?

அணைந்த மாதிரி தெரியும் கரிதான் அதிக விஷப்புகை விடும். இன்னொரு கம்பளி கேளுங்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வையுங்கள்.

கேள்வி: டி-யில் வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும்...

மேலே இருக்கிறது, இரண்டு முறை.

கேள்வி (நியூட்ரல்காரன்தான்): சரி சார், கியரிலேயே இறங்குகிறேன். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் இரண்டாவதில் எஞ்சின் இப்படிக் கத்துகிறதே?

ஏறின கியரிலேயே இறங்கு என்பது நல்ல கணக்கு, போதவில்லை என்றால் இன்னும் ஒன்று கீழே. 3,500, 4,000 சுற்றுவரை கத்தட்டும். முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் ஒருமுறை அழுத்தமாக பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மாமாவிடமும் சொல்லுங்கள்.