ஃபில் எங்கே விழ வேண்டும்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வீட்டிலேயே கிட்டார் வாசித்துப் பாடிப் பதிவு செய்கிறேன். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற, தானாக வாத்தியம் வாசிக்கும் மென்பொருளில் பாட்டின் கார்ட்ஸைத் தட்டி, ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, வருகிற டிரம்ஸை மிடியாக (ஒலியாக அல்லாமல், எந்த அடி எப்போது என்ற குறிப்பாக) ரீப்பர் என்ற பதிவுச் செயலிக்குள் கொண்டுவந்து அதன்மேல் பாடுகிறேன். எல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் வாசிப்பதுபோலவே கேட்கிறது. மனிதர் வாசிப்பதுபோல் அடிகளைச் சற்றுச் சிதறவிடும் ஹியூமனைஸ் எத்தனை சதவீதம் வைக்கலாம்? இன்னும் பெரிய சாம்பிள் (பதிவு செய்த டிரம் ஒலிகள்) தொகுப்பு வாங்க வேண்டுமா? சில பாட்டுகளில் டிரம்ஸ் போகப்போக கிட்டாரை விட்டு விலகியும் போகிறது. மென்பொருளை வைத்துச் செய்வது ஏமாற்று வேலை என்று நண்பர்கள் சொல்வதும் உறுத்துகிறது.

ஆர்.

*

அன்புள்ள ஆர்,

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது நல்லதாயிற்று.

ஏமாற்று வேலை என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அப்படிச் சொல்கிற யாரும் உங்களுக்கு டிரம்ஸ் வாசித்துத் தரப்போவதில்லை. சாம்பிள் தொகுப்பும் இப்போதைக்கு வேண்டாம். இருப்பதிலேயே வேலை நடக்கும்.

டிரம்ஸ் விலகிப் போவது டெம்போ எண்ணால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதால். பேண்ட்-இன்-எ-பாக்ஸில் 92.4 என்றும் ரீப்பரில் 92 என்றும் இருந்தால் மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் முக்கால் நொடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். மிடி கோப்பின் தொடக்கத்தில் இரண்டு பார் (பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) கவுண்ட்-இன், அதாவது தொடங்குமுன் வரும் எண்ணிக்கை, இருக்கும். அதைக் கவனிக்காமல் முதல் பாரில் வைத்தால் பாட்டே இரண்டு பார் தள்ளிப்போகும்.

ஹியூமனைஸ் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்தப் பொத்தான் ஒவ்வொரு அடியையும் குருட்டாம்போக்கில் முன்னும் பின்னும் தள்ளுகிறது. எந்த டிரம்மர் அப்படி வாசிக்கிறார்? நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். மிடி ஒரு பீட்டைப் பிரிக்கும் சிறு அலகு டிக். பீட்டுக்கு 480 டிக் என்றால் ஒரு டிக் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். பத்து டிக் வரை சிதறவிட்டால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு தடவை பேஸுக்கு முந்தும், அடுத்த தடவை பிந்தும். அடிவாரமே ஆட்டம் காணும். நல்ல டிரம்மர் ஸ்நேர் எனும் கூரிய ஒலியுள்ள டிரம்மைச் சற்றுத் தாமதித்து வாசிக்கிறார் என்றால் பாட்டு முழுக்க ஏறக்குறைய அதே அளவுதான் தாமதிப்பார். அது வேண்டுமானால் ஸ்நேருக்கான 38-ம் எண் நோட்டுகளை மட்டும் மொத்தமாகத் தேர்ந்து எட்டு டிக் பின்னால் நகர்த்துங்கள். கிக்கைத் தொடாதீர்கள். ஹை-ஹாட்டில் (ஜோடித் தட்டு) நேரத்தை விட்டுவிட்டு வெலாசிட்டியை, அதாவது அடியின் வலுவைப் பாருங்கள். பீட்டில் விழுவது 90 என்றால் இடையில் விழுவது 60 பக்கம் இருக்கட்டும். ஹியூமனைஸ் என்கிற எண்ணமே இனி வேண்டாம், சதவீதம் கேட்கவே கேட்காதீர்கள்.

இப்போது உண்மையான கோளாறுக்கு வருகிறேன். "அதன்மேல் பாடுகிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. டிரம்மர் பாடகரைக் கேட்டு வாசிப்பவர். நீங்கள் பாடுவதற்கு முன்பே டிரம்ஸை முடித்து வைத்துவிட்டால் அது யாரைக் கேட்கும்?

வரிசையை மாற்றுங்கள். முதலில் கிளிக் (வேகம் காட்டும் தட்டொலி) மட்டும் போட்டு, கிட்டாரும் குரலுமாக முழுப் பாட்டையும் ஒரு தடவை பதியுங்கள். சுருதி பிசகினால் பரவாயில்லை, இது பின்னால் தூக்கிப்போடப்போகிற டிராக். டெம்போவை, சொற்கள் மிக நெருங்கி வருகிற வரியைப் பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த வரி மூச்சுமுட்டாமல் வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். பிறகு ஒரு தாளில் பார் எண்களை எழுதி, ஒவ்வொரு வரியும் எந்தப் பாரில் எந்த பீட்டில் முடிகிறது, அடுத்தது எங்கே எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேண்ட்-இன்-எ-பாக்ஸைத் திறக்க வேண்டும்.

அங்கே சரணத்துக்கு 'ஏ', பல்லவிக்கு 'பி' என்று பார்ட் மார்க்கர் (பகுதி மாறுவதைக் காட்டும் குறி) போடுவீர்கள். மார்க்கர் இருக்கும் பாருக்கு முந்தைய பாரில் ஃபில், அதாவது வழக்கமான நடையை விட்டு டிரம்ஸ் வாசிக்கும் சிறு உருட்டல், வந்துவிடும். பழக்கத்தில் எட்டு பாருக்கு ஒரு மார்க்கர் போட்டால் எட்டு பாருக்கு ஒரு ஃபில் வரும், பாட்டு கேட்டதோ இல்லையோ. பாட்டு திரும்புகிற இடத்துக்கு மட்டும் மார்க்கர் போதும்.

ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு பார் சரணம், ஒன்பதாவது பாரில் பல்லவி. சரணத்தின் கடைசிச் சொல் எட்டாவது பாரின் முதல் பீட்டில் விழுந்து, இரண்டாவது பீட் முடியும்வரை இழுக்கிறது. மென்பொருள் அந்தப் பார் முழுவதும் டாம்களை (கிக், ஸ்நேர் தவிர்த்த மற்ற டிரம்களை) உருட்டுகிறது. கேட்பவருக்குச் சொல்லும் போய்விட்டது, ஃபில்லும் வீணாகிவிட்டது. மிடியில் போய் முதல் இரண்டு பீட்டின் டாம் அடிகளை அழித்துவிட்டு, முந்தைய பாரிலிருந்து வழக்கமான நடையை வெட்டி ஒட்டுங்கள். மூன்றாவது பீட்டில் ஃபில் தொடங்கட்டும். குரல் ஓயும் இடத்தில் டிரம்ஸ் எழும்.

இதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும். பல்லவி ஒன்பதாவது பாரில் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் பாடும்போது முதல் சொல்லை எட்டாவது பாரின் நான்காவது பீட்டிலேயே எடுத்திருப்பீர்கள். எடுப்பு முன்னாலேயே வருகிற பாட்டுகளில் இப்படித்தான். அப்போது மிஞ்சுவது மூன்றாவது பீட் ஒன்றுதான். ஸ்நேரில் நான்கு பதினாறாம் அடிகள், வெலாசிட்டி 60-லிருந்து 100 வரை ஏறட்டும், நான்காவது பீட்டில் கிக் மட்டும். இதற்கு எந்த ஸ்டைலிலும் தயாராக விடை கிடையாது. உங்கள் குரல் எங்கே எடுக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஆர். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். இத்தனை அக்கறையாகக் கார்ட்ஸைத் தட்டுகிற நீங்கள் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெட்டி ஒட்டிய பிறகு கைகளை எண்ணிப் பாருங்கள். டிரம்மருக்கு இரண்டு கைதான். கிராஷ் (ஓங்கி ஒலிக்கும் சிம்பல்), ஸ்நேர், ஹை-ஹாட் மூன்றும் ஒரே கணத்தில் விழுந்தால் ஹை-ஹாட்டை எடுத்துவிடுங்கள். டாம் உருளும்போது ஹை-ஹாட் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் அதையும்தான். காதுக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும்.

பேண்ட்-இன்-எ-பாக்ஸிலேயே மிடிக்குப் பதில் ரியல்டிரம்ஸ் பயன்படுத்தினால் வழி வேறு. அது டிரம்மர்கள் வாசித்த ஆடியோ. ஸ்டீரியோவாகக் கலந்து வரும்போது ஒரு டாம் அடியை மட்டும் தனியாக உருவ முடியாது. ஒவ்வொரு முறை ஜெனரேட் செய்யும்போதும் ஃபில் மாறும் என்பதால் மூன்று நான்கு தடவை செய்து, ஒவ்வொன்றையும் தனி வேவ் கோப்பாக எடுத்து, ரீப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, குரலோடு ஒத்துப்போகிற பாரை அந்தந்த டிராக்கிலிருந்து எடுங்கள். வெட்டுவதைப் பாரின் கோட்டிலேயே செய்யாமல் சில மில்லிசெகண்ட் முன்னால் செய்து குறுகிய கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் இணைப்பு) போடுங்கள், இல்லாவிட்டால் கிக்கின் முனை அறுபடும். ஸ்டைலின் இயல்பான டெம்போவை விட்டு வெகுதூரம் போனால் சிம்பல்கள் குழைந்து கேட்கும். அப்போது வேறு ஸ்டைல் பாருங்கள்.

கடைசியாக கிராஷ். பகுதி மாறியதும் முதல் பீட்டில் மென்பொருள் கிராஷ் வைத்திருக்கும். சரியாக அதே பீட்டில் குரலும் எடுத்தால் சொல்லின் முதல் மெய்யெழுத்து அதற்குள் மூழ்கிவிடும். 'ச', 'ஸ' போன்றவை சுத்தமாகக் கேட்காது. அந்த இடங்களில் கிராஷுக்கான 49-ம் நோட்டின் வெலாசிட்டியை 70-க்குக் கீழே இறக்குங்கள். அப்போதும் மறைந்தால் கிராஷை அழித்துவிட்டு கிக்கை மட்டும் விடுங்கள்.