பெரிய பட்ஜெட் படம் படுத்துவிட்டால் எடிட்டரின் கேரியர் முடிந்ததா?

'கட்த்ரோட் ஐலண்ட்' மாதிரி ஒரு படம் படுத்தால் அதன் எடிட்டர் என்ன ஆவார், படம் இழுவை என்றால் அவர்தானே பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுருக்கென்றது. படத்தை இப்போதுதான் பார்த்து நொந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1995-இல் வந்த அந்தக் கடற்கொள்ளையர் படத்துக்குச் செலவு கிட்டத்தட்ட 10 கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் 1 கோடி டாலர் அளவுதான். தயாரித்த கரோல்கோ கம்பெனி, படம் தியேட்டருக்கு வரும் முன்பே திவால் மனு கொடுத்துவிட்டது. எடிட்டர்களில் ஒருவர் ஃபிராங்க் யூரியோஸ்ட். 'ரோபோகாப்', 'டை ஹார்ட்', 'பேசிக் இன்ஸ்டிங்ட்' மூன்றுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். இந்த மூன்றில் கடைசியாக வந்த 'பேசிக் இன்ஸ்டிங்ட்' அதே கரோல்கோ எடுத்ததுதான். அப்போது நன்றாக வெட்டியவருக்கு மூன்றே வருடத்தில் கை மறந்துவிட்டதா? 1998-இல் 'லீத்தல் வெப்பன் 4' டைட்டிலிலும் அவர் பெயர் இருக்கிறது. கேரியர் முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை. 'டை ஹார்ட்' பரிந்துரையில் இருந்த வருடம் விருதைத் தட்டிச் சென்றவர் ஆர்தர் ஷ்மிட். 2003-இல் வந்த 'பைரட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதல் பாகத்தின் மூன்று எடிட்டர்களில் அவரும் ஒருவர். அதன் உலக வசூல் 65 கோடி டாலருக்கு மேல். யார் எந்தக் கப்பலில் ஏறினார் என்பதுதான் வித்தியாசம்.

சரி, என் கதை. பத்து வருடத்துக்கு முன் ஒரு படத்தில் அசோசியேட் எடிட்டராக இருந்தேன். படகில் ஒரு சண்டை. ஒரு ஷாட்டில் ஹீரோ சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும், அடுத்ததில் காய்ந்து காற்றில் படபடக்கும். வெயில் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தாவும். நடுவில் வைத்து ஒட்ட ஓர் அலை, ஒரு பறவைகூடத் தனியாக எடுத்து வரவில்லை. கடைசியில், 'ஆக்‌ஷன்' சொல்லும் முன் சும்மா ஓடிய கேமராவில் ஒரு கயிறு விறைக்கும் இரண்டு செகண்ட் கிடைத்தது. அதையே நாலு இடத்தில் போட்டு, பதினொரு நிமிடச் சண்டையை ஆறரைக்குக் கொண்டுவந்தேன். "இவ்வளவு செலவு பண்ணி எடுத்ததை எதுக்குத் தூக்குனீங்க?" என்றது தயாரிப்புத் தரப்பு. பதினொரு நிமிடச் சண்டையே தியேட்டருக்குப் போனது.

ரிலீஸ் அன்று ஒரு விமர்சகர், எடிட்டர் கத்திரியைத் தொலைத்துவிட்டார் என்றார். என் மாமா அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "மாப்ள, இது உன் படம்தானே?" என்று கேட்டார். திங்கட்கிழமை, தியேட்டர்காரர்கள் சொன்னார்கள் என்று அதே நாலரை நிமிடத்தைத் தூக்கச் சொன்னார்கள். என் பழைய ஆறரை நிமிடச் சண்டையை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

உடனே கமெண்டில் வராதீர்கள். எடிட்டர் தப்பே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. டேக் பொறுக்கத் தெரியாதவர்களும் எங்களில் உண்டு, நானும் சொதப்பியிருக்கிறேன். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு எந்த நிமிடம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீடியோ வந்துவிடும். "கம்ப்யூட்டர்லதானே, ஒரு மணி நேர வேலை." காசு கேட்டால் கோபம். அதே மாமா போன ஆவணியில் மகள் கல்யாண ஃபுட்டேஜ் முழுவதையும் தூக்கிக் கொடுத்தார். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா இன்னும் என்னைத்தான் கேட்கிறார், "தாலி கட்டுறதை ஏன்டா வெட்டுன?" என்று.