அசராமல் தூங்கும் கடுவன்

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் மல்லி என்று ஒரு ராஜபாளையம் பெண் நாய் இருக்கிறது. இரண்டரை வயது. ஒரு ஈத்துக் குட்டி எடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பக்கத்து ஊரில் ஒருவர் கடுவன் நாய் வைத்திருக்கிறார். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சர்டிபிகேட் இருக்கிறது. மூக்கு, உதடு, கண் இமை எல்லாம் ரோஸ், உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது, ஒரு கண் நீலம், சுத்தமான ரத்தம் என்கிறார். கோயில் கொடையில் தலைமாட்டில் வேட்டுப் போட்டாலும் அசராமல் தூங்குமாம், அவ்வளவு தைரியமாம். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, "ஹெல்த் டெஸ்ட் எடுக்காமல் சேர்க்காதே, ஆன்லைனில் டி.என்.ஏ. கிட் கிடைக்கிறது" என்கிறான். அது தேவையா? மல்லிக்கு ஒரு மாதமாக முழங்கைப் பக்கமும் காது ஓரமும் முடி கொட்டுகிறது, சொறிந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வேளையும் பால்சோறுதான். குட்டிகளை எத்தனை நாளில் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வரி, அந்தக் கடுவன் வேட்டுச் சத்தத்துக்கு அசராமல் தூங்குகிறது என்பதுதான். நாய்க்கு எவ்வளவு தைரியம் இருந்தாலும் தூக்கத்தில் காது விழித்தேதான் இருக்கும். தலைமாட்டில் வேட்டுப் போட்டும் காது மடல்கூட அசையவில்லை என்றால் அதற்குப் பெயர் தைரியம் இல்லை. அந்த நாய்க்குக் காது கேட்கவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு ஒன்றும் அபூர்வம் இல்லை. பாளையக்காரர் காலத்துப் பெருமை, 2005-ல் தபால்தலையில் இடம் பிடித்த பெருமை எல்லாம் இருக்கட்டும், இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. காரணம் அந்த வெள்ளை நிறம்தான். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் காதுக்குள்ளும் இருக்க வேண்டும். உள்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் உண்டு. அதன் சுவரில் இந்தச் செல்கள் இருந்தால்தான் உள்ளே இருக்கும் திரவத்தின் உப்புச்சமநிலை ஒழுங்காக நிற்கும். வெள்ளையை மட்டுமே தேடித்தேடி இணை சேர்க்கும்போது, சில குட்டிகளுக்கு இந்தச் செல்கள் காது வரைக்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. குட்டி பிறந்து இரண்டு வாரத்தில் காது திறக்கும். அடுத்த சில வாரங்களுக்குள் சத்தத்தை வாங்கும் நுண்முடிகள் கருகிப்போகும். அதற்கு மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. நீலக் கண் என்பது அதே நிறக்குறைவின் இன்னொரு அடையாளம். டால்மேஷியன் நாய்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீலக் கண் இருந்தால் செவிடாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஆக, அந்தக் கடுவனின் சிறப்பு என்று அவர் அடுக்கியதில் பாதி எனக்கு எச்சரிக்கையாகத்தான் படுகிறது. பொட்டு இல்லாத வெள்ளை, நீலக் கண், அசராத தூக்கம் மூன்றும் ஒரே நாயில்! இதே இனத்தில் கறுப்பு, பழுப்புக் குட்டிகளும் பிறப்பதுண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் வளர்த்தது நாம்தான். நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். கென்னல் கிளப் தருகிற தாள், இன்ன தாய்க்கும் இன்ன தகப்பனுக்கும் பிறந்தது என்று சொல்லும். காது கேட்கிறதா, இடுப்பு நன்றாக இருக்கிறதா என்று அதில் இருக்காது. அது நம் ஊர் ஜாதகம் மாதிரிதான். ஜாதகம் பொருந்திவிட்டது என்பதால் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடுமா? ஆனாலும் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். மல்லிக்கும் தாள் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, பாட்டன் பூட்டன் பெயர்களைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டிலும் வந்தால் நெருங்கிய ரத்தம் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். உங்கள் வட்டாரத்தில் இரண்டு மூன்று வீட்டுக் கடுவன்களே சுற்றிச்சுற்றி எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பனாக இருக்கும், அதனால் சொல்கிறேன்.

தம்பி சொல்வதில் பாதி சரி. டெஸ்ட் வேண்டும், டி.என்.ஏ. கிட் வேண்டாம். அந்தக் கிட்டுகளில் இருக்கிற பெரும்பாலான பரிசோதனைகள் லேப்ரடார், டாபர்மேன் போன்ற வெளிநாட்டு இனங்களில் கண்டுபிடித்த கோளாறுகளுக்கானவை. லேப்ரடார் வைத்திருப்பவர் கண் பார்வை மெல்லமெல்லப் போகிற நோய்க்கு அதில் பார்த்துக்கொள்ளலாம், பயன் உண்டு. காதுக் கோளாறுக்கு டால்மேஷியன் வளர்ப்பவர்கள்கூட நேராகக் காதைத்தான் சோதிக்கிறார்கள்.

அதற்கு ‘பேயர்’ டெஸ்ட் என்று பெயர். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் பச்சைக் குழந்தைகளுக்கு ‘பெரா’ என்று எழுதிக் கொடுப்பதும் இதேதான். தலைத்தோலுக்கு அடியில் முடி போல மெல்லிய ஊசிகளைச் செருகி, காதுக்குள் சின்ன இயர்போன் வைத்து, ‘டிக் டிக்’ என்று சத்தம் கொடுப்பார்கள். காது கேட்டால் திரையில் மேடும் பள்ளமுமாக அலை வரும். கேட்காவிட்டால் ஒரே நேர்கோடு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் முக்கியம், வலது காது, இடது காது என்று தனித்தனியாகப் பார்க்க முடியும் என்பதுதான். ஒரு காது மட்டும் கேட்கிற நாய் வீட்டில் சாதாரணமாகவே நடந்துகொள்ளும், கைதட்டினால் திரும்பும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அந்தக் கோளாறு ரத்தத்தில் இருக்கிறது. ஒற்றைக் காது நாயையும் இணை சேர்க்கக் கூடாது.

இந்தக் கருவி எல்லா கிளினிக்கிலும் இருக்காது. உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். நாயை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன் போன் போட்டு, இந்த டெஸ்ட் அங்கே உண்டா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடுவன், மல்லி இரண்டுக்கும் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் இரண்டு காதும் கேட்டால்கூட ஒரு செவிட்டுக் குட்டி பிறக்கலாம். வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். கடுவன்காரர் டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் வேறு கடுவன் பாருங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

அப்புறம், இன்னொரு டெஸ்ட் யாரும் சொல்வதில்லை, ஆனால் நான் காதுக்கு அடுத்தபடியாக வைப்பேன்: புருசெல்லா ரத்தப் பரிசோதனை. இணை சேரும்போது பரவுகிற கிருமி இது. முதலில் ஒன்றும் தெரியாது. சினை ஒன்றரை மாதம் தாண்டி, நன்றாக இருந்த வயிறு திடீரென்று கலைந்துபோகும். அந்தக் கழிவைத் துடைத்துச் சுத்தம் பண்ணுகிற ஆளுக்கும் தொற்றும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இல்லை. இரண்டு நாய்க்கும் ரத்தம் எடுத்து, இல்லை என்று முடிவு வந்த பிறகே சேர்க்க வேண்டும். அதே நாளில் டாக்டர் இரண்டு பேரின் பிறப்புறுப்பையும் பார்த்துவிடட்டும். கடுவன் தெருவில் சுற்றுகிற பழக்கம் உள்ளது என்றால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி அங்கே ஒளிந்திருக்கலாம். அதுவும் இணை சேர்வதால்தான் தொற்றுகிறது. இடுப்பு எக்ஸ்ரே பெரிய நாய்களுக்கு நல்லதுதான், இரண்டு வயதுக்கு மேல் எடுத்தால் தெளிவாகத் தெரியும். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் காதுக்கும் புருசெல்லாவுக்கும் முதலில் செலவு பண்ணுங்கள்.

இனி மல்லி. உண்மையைச் சொன்னால், இப்போதைக்கு அவளுக்கு மாப்பிள்ளையே பார்க்க வேண்டாம். முழங்கை, காது ஓரம், தீராத அரிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சொறிப்பூச்சி போலத் தெரிகிறது. காது மடலின் நுனியை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிவது போல ஆடினால் சந்தேகம் பலப்படும். வீட்டில் யாருக்காவது இடுப்பிலோ கையிலோ சிவப்புப் புள்ளியும் அரிப்பும் இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். இன்னொரு வகைச் சொறி உண்டு. அது முடிக்குழிக்குள் குடியிருக்கும் பூச்சி. தொடக்கத்தில் அரிப்பு அவ்வளவாக இருக்காது, ஆனால் உடம்பெல்லாம் பரவலாம். குட்டிப் பருவத்திலேயே அப்படிப் பரவுகிற சுபாவம் பரம்பரையாக வருவது. சின்ன வயதில் அது உடம்பு முழுக்க வந்திருந்தால், குணமான பிறகும் குட்டி எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்; வளர்ந்த பிறகு முதல்முறையாக வந்தால், பெரும்பாலும் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிளேடால் தோலை லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பார்க்காமலே ஊசி போடுகிறேன் என்றால், "ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள், தப்பில்லை.

தயவுசெய்து பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் தடவாதீர்கள். நாய் அதை நக்கும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். ஆட்டுக்குப் போடுகிற பூச்சி ஊசியைக் கண்ணளவில் போட்டு, நடக்க முடியாமல் தள்ளாடிய ஒரு நாயைத் தூக்கிவந்தார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றித்தான் எழுந்து நின்றது. இப்போது மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கிற மாத்திரைகள் இருக்கின்றன, உண்ணிக்கும் சொறிக்கும் சேர்த்தே கேட்கும். எடை போட்டு வாங்குங்கள்.

உண்ணியை லேசாக நினைக்காதீர்கள். விரல் இடுக்கு, காது மடிப்பு, வால் அடி மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். வெள்ளை நாயில் ஒரு வசதி, பழுப்பு உண்ணி பளிச்சென்று தெரியும். மேல் உதட்டைத் தூக்கி ஈறு நல்ல ரோஸ் நிறமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிறியிருந்தால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும். பதினோரு மணி வெயிலில் வாக்கிங் கூட்டிப்போகாதீர்கள். நிறமில்லாத மூக்கும் காது நுனியும் வெயிலில் புண்ணாகும், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய்கூட வரலாம்.

பால்சோறு தப்பில்லை, அது மட்டுமே என்பதுதான் தப்பு. இந்த நாய் ஓடி வேட்டையாடப் பிறந்தது. சோற்றோடு அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, முள் எடுத்த மீன் கொடுங்கள், வெங்காயமும் மசாலாவும் சேர்க்காமல். தோலும் முடியும் தேறுவதற்கு அதுவே பாதி வைத்தியம். பால் குடித்துப் பேதியானால் பாலை நிறுத்திவிட்டு மோர் ஊற்றிப் பாருங்கள். பின்னால் அவள் சினையானால் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். குட்டி போட்டுப் பால் சுரக்கும்போது தேவை திடீரென்று ஏறும், அப்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். நல்லது செய்வதாக நினைத்து இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி பெண் நாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈத்துதான். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்து விற்பதாக இருந்தால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். குட்டியைக் கொடுக்கிற அந்த 8 வாரத்தை நாள் கணக்கில் சொன்னால் 56 நாள். ஆறாவது வாரத்திலேயே பேயர் டெஸ்ட் எடுக்கலாம் என்பதால், கொடுப்பதற்கு முன் எல்லாக் குட்டியையும் பார்த்துவிட இரண்டு வாரம் கையில் இருக்கிறது. முதல் தடுப்பூசியும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

அதுவரை அடுப்படியிலேயே கொஞ்சம் கவனிக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு தடவை ஐந்து குட்டிகள் அட்டைப்பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. குக்கர் விசில் அடித்ததும் நான்கு தலை தூக்கின. ஐந்தாவது அப்படியே கிடந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் மற்றவை எழுந்து ஓடுகிற அசைவில்தான் அதுவும் விழித்து ஓடும். அதனால்தான் மூன்று வாரமாக யாருமே கண்டுபிடிக்கவில்லை. நீங்களும் ஒவ்வொரு குட்டியாகத் தனி அறையில் தூங்கவைத்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று காகிதத்தைக் கசக்குங்கள், சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தட்டைத் தரையில் போடாதீர்கள், தரை அதிர்வில் செவிட்டுக் குட்டியும் எழும். விளையாடும்போது மற்றக் குட்டி வீல் என்று கத்தியும் கடியை விடாத குட்டியின் மேலும் ஒரு கண் இருக்கட்டும், அதற்குக் கத்தல் கேட்காமல் இருக்கலாம்.

அப்படி ஒன்று இருந்துவிட்டால் அதைக் கழித்துக்கட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கைச்சாடை காட்டினால் சீக்கிரம் பழகும். வா, உட்கார், சாப்பாடு மூன்றுக்கும் மூன்று சாடை போதும். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டி எழுப்புங்கள், அல்லது எப்போதும் தோளில் ஒரே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்புங்கள். கயிறு இல்லாமல் ரோட்டுக்கு விடவே கூடாது. தோட்டக் காவலுக்கு நாய் கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள். காம்பவுண்டுச் சுவர் உள்ள வீடாகப் பார்த்து, விவரத்தை முழுதாகச் சொல்லி, காசு வாங்காமல் கொடுங்கள். அதற்கு முன் ஆணோ பெண்ணோ கருத்தடை செய்தாக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுரண்டல் டெஸ்டில் என்ன வந்தது என்று ஒரு கார்டு போடுங்கள், மல்லியின் இணையைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.