2019 வேகன்ஆருக்கு 4.60 லட்சம் நியாயமான விலையா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: 2019 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், 42,000 கிலோமீட்டர், கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) 4.60 லட்சம் சொல்கிறார்கள், வாங்கலாமா? வீட்டுக்கு இது முதல் கார், பாதிப் பணம் லோன் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த விலைக்கு வேண்டாம். நாலு லட்சத்தைத் தாண்டாதீர்கள், அதுவும் வண்டி சுத்தமாக இருந்தால் மட்டும்.

பழைய வண்டியின் விலையைப் பார்க்கும் முன் புது வண்டியின் விலையைப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, மேலே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போய்விட்டது. அன்றைக்கு வேகன்ஆரின் ஆரம்ப மாடலான எல்எக்ஸ்ஐயின் ஷோரூம் விலை 4,98,900 ஆனது. லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி ரோட்டுக்கு வரும்போது ஆறு லட்சத்தை ஒட்டி வரும். அதில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. 2019 விஎக்ஸ்ஐயில் டிரைவருக்கு மட்டும்தான் ஏர்பேக். பக்கத்து சீட்டுக்கும் வேண்டுமென்றால் அன்றைக்கு ஆப்ஷனல் வேரியண்ட் எடுத்திருக்க வேண்டும். பழைய வண்டி லோனுக்கு வட்டியும் கூடுதல். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் வாரண்டி முடிந்த வண்டிக்கு 4.60 எங்கே பொருந்துகிறது?

ஆனால் கன்சல்டிங்கிலும் சரி, வீட்டுக்காரர்களிடமும் சரி, பலர் மனதில் இன்னும் பழைய விலைதான் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் நேரிலேயே பார்த்தேன்.

நான் திருச்சி. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், ஆட்டோவில் காலை மடக்கி ஏற முடிவதில்லை. வேகன்ஆரில் சீட் உயரமாக இருப்பதால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் வேறு வண்டி தேடாமல் அதையே தேடினேன். ஜிஎஸ்டி குறைந்த சில வாரங்களில் ஒரு கன்சல்டிங்கில் 2019 மாடல் ஒன்று பார்த்தோம். மீட்டரில் 38,000. விலை 3.70. மார்க்கெட்டை விடக் குறைவு, வெளியே பளபளவென்று பாலிஷ்.

"டாக்டர் ஓட்டுன வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்றார் அங்கிருந்தவர். சார் என்றது என் தம்பியை. தம்பிக்கு லைசென்ஸே கிடையாது, துணைக்கு வந்தவன். சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்டது நான், பதில் போனது அவனுக்கு. கடைசியில் அவனே, "அக்காதாங்க வாங்குறாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இது கார் கடையோடு நிற்பதில்லை. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே லோன் பற்றிக் கேட்டால் "சார் எப்போ ஊருக்கு வர்றார்?" என்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவரும் கூலி பேச ஆம்பளை யாராவது இருக்காங்களா என்று கேட்கிறார். பணம் கொடுப்பது நான், கையெழுத்துப் போடுவது நான். என்னைப் பார்த்துப் பதில் சொல்ல என்ன கஷ்டம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். கதவைத் திறந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் வரிகள் வலது ஓரத்தில் சுத்தமாக அழிந்து வழவழவென்று இருந்தது. டிரைவர் சீட்டில் இறங்கும் பக்கத்து விளிம்பு அமுங்கிப் போயிருந்தது. அப்புறம் டயர். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நாலு டயரிலும் 22-ல் முடிந்தது. 2019-ல் வாங்கிய வண்டிக்கு 2022 வாக்கிலேயே நாலு டயரும் மாற்ற வேண்டி வந்திருக்கிறது என்றால், மொத்த ஓட்டமே 38,000 என்பதை எப்படி நம்புவது? வண்டி நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் தெரிந்தவர் மூலம் கேட்டேன். 2022 சர்வீஸிலேயே 71,000 என்று பதிவாகியிருந்தது. அதோடு அந்த வண்டியை விட்டுவிட்டேன்.

கன்சல்டிங் நடத்துகிற எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். மீட்டரில் காட்டும் எண்ணுக்கு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

நான் வாங்கியது ஓய்வுபெற்ற ஒரு ஐயாவின் வண்டி. அதுவும் 2019 விஎக்ஸ்ஐதான், 52,000 ஓடியது, சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் வரிசையாக வைத்திருந்தார். கேட்டது 4.10. "ஆகஸ்ட்லயே ஒருத்தர் நாலேகாலுக்குக் கேட்டாரும்மா, நான்தான் கொடுக்கல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஆகஸ்டில் அந்த விலை இருந்திருக்கும். புது விலைப்பட்டியலைப் போனில் காட்டி, "ஐயா, புதுசே இறங்கிடுச்சு, பழசு மட்டும் எப்படி அதே இடத்துல நிக்கும்?" என்று கேட்டேன். பிறகு ஒரு தாளில் எழுதினேன்: டயர் நாலும் பழசு, சுமார் 16,000. பேட்டரி 5,000. இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, கிளைம் கேட்காததற்கு அவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும், எனக்கு முழு பிரீமியம். பேர் மாற்றும் செலவு தனி. தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று 3.80-க்குக் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள், மலிவாகச் சொன்ன வண்டியை விட நான் பத்தாயிரம் கூடத்தான் கொடுத்தேன். அதுதான் நியாயமான விலை என்று இன்றும் சொல்வேன். "புதுசு வாங்க வக்கில்லாமல் பழசுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா" என்று சொந்தத்திலேயே கேட்டார்கள், இங்கேயும் யாராவது கேட்கலாம். கடன் ஏறாமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடிகிறது, எனக்கு அது போதும்.

"இன்சூரன்ஸில் போட்டிருக்கும் ஐடிவிதான் (வண்டியின் காப்பீட்டு மதிப்பு) சரியான விலை" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது இன்சூரன்ஸ் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. அதை நம்பி விலை பேச முடியாது. அதே மாதிரி கன்சல்டிங்கில் மொத்த விலைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்கி விற்றதில் அவர்களுக்கு வரும் லாபத்துக்குத்தான் அந்த வரி. பிஒய் (புதுச்சேரி) நம்பர் வண்டி மலிவாக இருக்கிறதே என்றும் போகாதீர்கள், தமிழ்நாட்டுக்கு மாற்றும்போது இங்கே லைஃப் டாக்ஸ் கட்டியாக வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் லோன் நிலுவையும் இ-சலானும் (போக்குவரத்து அபராதம்) பாருங்கள். ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (லோனுக்கான அடமானப் பதிவு) இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள்.

உங்கள் வண்டி 1.0 இன்ஜினா 1.2-ஆ என்று நீங்கள் எழுதவில்லை. 1.0 என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை தயாரான 40,618 வண்டிகளைப் பெட்ரோல் ஹோஸ் (பெட்ரோல் போகும் குழாய்) கோளாறுக்காக மாருதி கம்பெனி திரும்ப அழைத்தது. 2020 ஜூலையில் பெட்ரோல் பம்புக்காக இன்னொரு ரீகால் வந்தது. இரண்டும் இலவசமாக மாற்றித் தரப்பட்டவை. சேஸிஸ் நம்பரைச் சொன்னால் அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்வார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுக்க அந்தக் கடைக்காரர் தயங்கினால் 4.60 இல்லை, 3.60-க்கும் அந்த வண்டி வேண்டாம்.