கடி, அடம், ஸ்டிக்கர்: மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் வகுப்பில் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். போன வாரம் மட்டும் 3 முறை. எவ்வளவு கண்டித்தும் நிற்கவில்லை. கடிபட்ட குழந்தையின் அம்மா அவனை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்கிறார்.

பதில்: 1 முதல் 3 வயதுக்குள் கடிப்பது சர்வசாதாரணம். "தள்ளிப் போ", "அது என்னுடையது" என்று சொல்ல வாய் வராத வயதில், வாய் வேறு வேலை பார்க்கிறது. பல் முளைக்கும் நமைச்சல், பசி, தூக்கம், நெரிசல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

சத்தம் கேட்டதும் நாம் எல்லோரும் கடித்தவனிடம்தான் பாய்கிறோம். முதலில் கடிபட்ட குழந்தையைத் தூக்குங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் கடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கடித்தால் வலிக்கும். கடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், பிரசங்கம் அவன் காதில் ஏறாது.

அடுத்த வேலை ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, எந்த மூலையில், பக்கத்தில் யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். என்னிடம் இருந்த ஒரு பெண் குழந்தை 5 முறை கடித்திருந்தாள். நோட்டைப் புரட்டினால், அதில் 4 முறை சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் வரிசையில். குழாய் 2, பிள்ளைகள் 16. பசியோடு முதுகும் முகமும் இடிக்க நிற்கிறார்கள், பாவம். மறுநாளிலிருந்து நான்கு நான்கு பேராக அனுப்பினேன், மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பாயில் இருந்தார்கள். கடி நின்றுவிட்டது. அவளிடம் தனியாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அந்த அம்மாவுக்கு, நீங்கள் என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கடித்த குழந்தையின் பெயரைச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் சரி.

கேள்வி: பொம்மைகளை எடுத்து வைக்கும் நேரம் வந்தாலே ஒருவன் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். 5 நிமிடம் முன்பே சொல்லித்தான் பார்க்கிறேன்.

பதில்: 3 வயதுப் பிள்ளைக்கு 5 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியாது. "இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டு வா", "இந்தக் கட்டையை வைத்ததும் நிறுத்தலாம்" என்று அவன் எண்ணக்கூடிய கணக்கில் சொல்லுங்கள். தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். இன்னொன்று, அவன் எதைக் கட்டிக்கொண்டிருந்தான் என்று பாருங்கள். அரை மணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு பாலம் கட்டியவனிடம் "கலைத்துப் பெட்டியில் போடு" என்றால், நானாக இருந்தாலும் அழுவேன். பாதியில் நிற்கும் வேலைகளை அப்படியே விட்டுவைக்க அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்குங்கள்.

கேள்வி: நல்லபடி நடந்துகொள்பவர்களுக்கு ஸ்டிக்கர் தருகிறேன். நன்றாகத்தான் போகிறது. ஆனால் இப்போது "ஸ்டிக்கர் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்கிறார்கள்.

பதில்: கேட்கத்தான் செய்வார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற 3 உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

கழிப்பறைப் பழக்கம் மாதிரி ஒரு விஷயத்துக்குச் சில நாள் ஸ்டிக்கர் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுவரில் எல்லார் பெயரையும் எழுதி ஒட்டும் அட்டவணைதான் எனக்குப் பிடிக்காது. காலியாக இருக்கும் கட்டத்தைத் தினமும் ஒரு குழந்தை பார்க்கிறது. "வெரி குட்" என்பதற்குப் பதில் பார்த்ததைச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி விழுந்ததும் நீ ஓடிப்போய்த் தூக்கினாயே, பார்த்தேன்."

கேள்வி: அடித்த குழந்தையை "சாரி" சொல்ல வைக்கலாமா?

பதில்: வற்புறுத்தாதீர்கள். "சாரி" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த நிமிடமே அடிப்பார்கள். ஈரத்துணி எடுத்து வரச் சொல்லுங்கள், இடித்த கோபுரத்தைச் சேர்ந்து கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: "ஓடாதே, ஓடாதே" என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை போய்விட்டது.

பதில்: "நடந்து வா" என்று சொல்லுங்கள். அப்படியே அறையின் நடுவே நீளமாக வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாராக இருந்தாலும் ஓடத்தான் தோன்றும். ஒரு அலமாரியைக் குறுக்கே நகர்த்துங்கள்.

கேள்வி: ஒரு அப்பா, "சொல் பேச்சுக் கேட்கவில்லை என்றால் நாலு போடு போடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: கூடாது என்பதுதான், அவர் அனுமதி கொடுத்தாலும். அதைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடாதீர்கள். பெரும்பாலும் அவரும் வீட்டில் திண்டாடிப் போய்த்தான் இப்படிப் பேசுகிறார். "வீட்டில் எந்த நேரத்தில் அடம் அதிகம்?" என்று கேளுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் நேரத்தோடு அது ஒத்துப்போகலாம்.